ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி

கப்பலில் ஏறியதும் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? சாப்பாட்டுக் கூடம் எங்கே, நீச்சல் குளம் எந்தத் தளத்தில், சூரியன் மறைவதை எந்தப் பக்கம் நின்றால் நன்றாகப் பார்க்கலாம் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாளில் தானாகவே பழகிவிடும். தானாகப் பழகாத இடம் ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் அது. அதைத் தேடிப் பார்த்து வைக்கத்தான் அந்த முதல் மணி நேரம்.

கேபின் கதவின் உட்புறத்தில் ஓர் அட்டை இருக்கும். நீங்கள் கூட வேண்டிய இடத்தின் எழுத்து அல்லது எண், அங்கே போகும் வழி, அபாய ஒலி எப்படி இருக்கும் என்ற விளக்கம் எல்லாம் அதில் உண்டு. கூடுமிடத்தைக் கப்பல்காரர்கள் மஸ்டர் ஸ்டேஷன் என்பார்கள். பச்சைப் பலகையின் நடுவே மனித உருவங்கள், நான்கு மூலைகளிலிருந்தும் அவர்களை நோக்கி அம்புகள் என்ற அடையாளம் எந்த நாட்டுக் கப்பலானாலும் ஒன்றுதான். அட்டையைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள், நடந்து போய்ப் பாருங்கள். லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டில் போங்கள். கேபினை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கமா இடப்பக்கமா, படிக்கட்டு வருவதற்குள் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலோ புகை சூழ்ந்தாலோ சுவரைத் தடவிக் கதவுகளை எண்ணிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். திரும்பும்போது வேறொரு படிக்கட்டு வழியாக வாருங்கள். ஒன்று அடைபட்டால் மற்றொன்று தெரிந்திருக்க வேண்டும்.

அபாய ஒலி உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான்: ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகள், அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. கப்பலின் ஊதலிலும் உள்ளே இருக்கும் மணிகளிலும் சேர்ந்தே கேட்கும். பலர் இதைக் கேட்டதும் கப்பலை விட்டு இறங்கச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பதறுகிறார்கள். அது அப்படியல்ல. லைஃப் ஜாக்கெட்டையும் கதகதப்பான உடையையும் எடுத்துக்கொண்டு கூடுமிடத்துக்கு வாருங்கள் என்பதுதான் இதன் பொருள். கப்பலைக் கைவிடும் கட்டளை தனியாக, கேப்டனின் உத்தரவாக, பேச்சிலேயே வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில்தான் ஆட்களை எண்ணுவார்கள், படகுகளைத் தயார் செய்வார்கள்.

இந்த இடைவெளிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சர்வதேச விதி ஒன்று காட்டுகிறது. கடலில் உயிர்களைக் காப்பதற்கான ஒப்பந்தத்தை சோலாஸ் என்பார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914-இல் முதலில் உருவானது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. கைவிடும் கட்டளை வந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் எல்லாப் படகுகளையும் ஆட்களோடும் பொருட்களோடும் இறக்கிவிட முடிய வேண்டும் என்று அது பயணிகள் கப்பலுக்கு விதிக்கிறது. ஆனால் அந்த 30 நிமிடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, கூடுமிடத்தில் கூடி நின்ற பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. படகு இறக்குவது மாலுமிகளின் வேலை. கூடி நிற்பது நம் வேலை. நாம் தாமதித்தால் அவர்கள் எவ்வளவு கைதேர்ந்தவர்களாக இருந்தாலும் பயனில்லை.

ஜில்யோ தீவு, 2012 ஜனவரி 13

பாடமாக ஒரே ஒரு விபத்தைத்தான் படிக்க முடியும் என்றால் கோஸ்டா கான்கார்டியாவைப் படியுங்கள். புயல் இல்லை, பனிமூட்டம் இல்லை, கப்பலும் பழசு இல்லை. அதனால்தான் இது பாடம்.

290 மீட்டர் நீளமுள்ள அந்தச் சொகுசுக் கப்பல் அன்று மாலை ரோம் நகருக்கு அருகிலுள்ள சிவிதாவெக்கியா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பயணிகளும் பணியாளர்களுமாக 4,229 பேர். வழியில் டஸ்கனிக் கரைக்கு அப்பால் ஜில்யோ என்ற சின்னத் தீவு. தீவுக்கு வெகு அருகில், விளக்குகள் ஜொலிக்கக் கடந்து, கரைக்கு ஒரு வணக்கம் சொல்லிப் போவது என்று கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெத்தினோ முடிவு செய்தார். இரவு 9.45-க்கு லே ஸ்கோலே என்ற பாறைத் திட்டில் இடப்பக்க அடிப்பகுதி உரசி, சுமார் 53 மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. அடுத்தடுத்த இரண்டு நீர்புகா அறைகளில் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டப்பட்ட கப்பல் அது. அன்று ஐந்து அறைகளில் தண்ணீர் ஏறியது. எஞ்சின் அறைகளும் அவற்றில் அடக்கம். மின்சாரம் போயிற்று. கப்பல் தன் வசத்தில் இல்லை.

அடுத்த 69 நிமிடங்களைக் கவனியுங்கள். மோதி இருபது நிமிடம் ஆவதற்குள், எத்தனை அறைகளில் தண்ணீர் ஏறுகிறது என்ற செய்தி கீழிருந்து மேலே வந்துவிட்டது. பயணிகளிடம் சொன்னதோ மின்கோளாறு, சரி செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான். பயந்துபோன பயணிகள் கைபேசியில் வீட்டாரை அழைக்க, வீட்டார் போலீசாரிடம் சொல்ல, அவர்கள் மூலம் கடலோரக் காவல் படைக்குத் தெரிந்தது. காவல் படை கப்பலைக் கூப்பிட்டுக் கேட்டபோதும் மின்கோளாறு என்றே பதில். அபாய ஒலி எழுந்தது 10.33-க்கு. கைவிடும் கட்டளை 10.54-க்கு. அதற்குள் கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

சாய்வு கூடினால் என்ன ஆகும் என்பதைப் பயணி ஒருமுறையாவது மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உயிர்காப்புப் படகுகள் கப்பலின் இரு பக்கமும் தொங்குகின்றன. எந்தப் பக்கமும் 20 பாகை வரை சாய்ந்தாலும் இறக்க முடிய வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் போனால், உயர்ந்த பக்கத்துப் படகு கீழே இறங்காமல் கப்பலின் உடலிலேயே உராய்ந்து மாட்டிக்கொள்ளும். தாழ்ந்த பக்கத்துப் படகு கப்பலை விட்டு விலகி வெளியே ஆடும், ஏற முடியாத தூரத்தில். நடைபாதையின் தரை சுவராகும், சுவர் தரையாகும். குறுக்கே போகும் வழிகள் கிணறுகளாகிவிடும். கான்கார்டியாவில் மூன்று படகுகளை இறக்கவே முடியவில்லை. கடைசியாக நின்றவர்கள் கயிற்று ஏணியில் இறங்கினார்கள், சிலர் குதித்தார்கள், சிலர் சாய்ந்த வழிகளில் தண்ணீருக்குள் அகப்பட்டார்கள். மீட்பு வேலை முடிய மறுநாள் காலை ஆறு மணி தாண்டியது. இறந்தவர்கள் 32 பேர். காற்று கப்பலைத் திரும்பவும் தீவின் ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு வந்து தரைதட்ட வைத்தது. ஆழ்கடலில் நடந்திருந்தால் எத்தனை பேர் என்று எண்ணவே நடுக்கமாக இருக்கிறது.

கேப்டன் தன் பயணிகளுக்கு முன்பே படகில் ஏறிவிட்டார். திரும்பிக் கப்பலுக்குப் போகும்படி கடலோரக் காவல் படை அதிகாரி கிரிகோரியோ தெ ஃபால்கோ தொலைபேசியில் கத்திய பதிவை உலகமே கேட்டது. 2015-இல் ஸ்கெத்தினோவுக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, 2017-இல் இத்தாலியின் மிக உயர்ந்த நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த மனிதர் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் பயணிக்குரிய செய்தி தவறிவிடும். அன்று சிவிதாவெக்கியாவில் ஏறிய சுமார் 700 பேர் ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை. கப்பல் விதியை மீறவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றுதான் அப்போதைய விதி சொன்னது, அவர்களுக்கான ஒத்திகை மறுநாளைக்கு என்று திட்டமிடப்பட்டிருந்தது. ஆபத்து முதல் மாலையே வந்துவிட்டது.

அதன் பிறகுதான் சோலாஸ் திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தே ஆக வேண்டும். இனி ஒத்திகைக்கு வரச்சொல்லி அறிவிப்பு வரும்போது, சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றினால், அந்த விதியை எழுத வைத்த 32 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகையை ஒழுங்காகச் செய்வது

கோவிட் காலத்துக்குப் பிறகு பல கப்பல்களில் ஒத்திகையின் முறை மாறியிருக்கிறது. கைபேசியில் அல்லது கேபின் டிவியில் ஒரு படம் பார்க்க வேண்டும், பிறகு வசதியான நேரத்தில் கூடுமிடத்துக்குப் போய்த் தலையைக் காட்டி அட்டையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கூட்டநெரிசல் இல்லை, வெயிலில் நிற்க வேண்டாம் என்று பயணிகளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பது படத்தில் தெரியாது. ஆகவே படம் ஓடும்போது துணி அடுக்கிக்கொண்டிருக்காமல் உட்கார்ந்து பாருங்கள். கூடுமிடத்துக்குக் குடும்பம் முழுவதையும் அழைத்துப் போங்கள், ஒருவர் போய் எல்லோருக்கும் பதிவு செய்துவிட்டு வரும் வழக்கம் வேண்டாம். அங்கே நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள்: நம் படகு எது, எந்தப் பக்கம், லைஃப் ஜாக்கெட் கேபினில் இருக்கிறதா இங்கேயே தருவீர்களா?

தாத்தா பாட்டி உடன் வந்தால், படியிறங்கக் கஷ்டப்படுபவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் யார் என்று முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கென்று ஆள் ஒதுக்குவார்கள். பிள்ளைகளின் கையில் கூடுமிட எண் எழுதிய பட்டை கட்டும் கப்பல்கள் உண்டு. பெரிய கப்பல்களில் பிள்ளைகள் விளையாட்டுக் கூடத்தில் இருக்கும்போது ஒலி எழுந்தால், அவர்களைப் பணியாளர்களே கூடுமிடத்துக்குக் கொண்டுவருவார்களா, நீங்கள் தேடிப் போக வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தாய் மேலே ஓட, தந்தை கீழே ஓட, பிள்ளை வேறெங்கோ நிற்கும் நிலையைத் தவிர்க்க இந்த ஒரு கேள்வி போதும். குடும்பத்துக்குள் ஓர் ஒப்பந்தமும் வேண்டும்: பிரிந்திருந்தால் யாரும் யாரையும் தேடிக் கேபினுக்குப் போகக் கூடாது, அவரவர் நேரே கூடுமிடத்துக்கு.

மேசையில் சோறு பரிமாறுபவர், கட்டில் விரிப்பை மாற்றுபவர், மேடையில் பாடுபவர் ஆகியோரெல்லாம் ஆபத்து வேளையில் உங்களை வழிநடத்தும் ஆட்கள். பயணிகள் கப்பலில் பணியாளர்கள் வாராவாரம் கப்பல் கைவிடும் ஒத்திகையும் தீயணைப்பு ஒத்திகையும் செய்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் போன பிள்ளைகள் ஏராளம். கான்கார்டியாவில் கடைசியாகக் கண்டெடுக்கப்பட்ட உடல் இந்தியப் பணியாளர் ஒருவருடையது. விபத்து நடந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கப்பலை ஜெனோவாவுக்கு இழுத்து வந்து பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கிடைத்தது. ஒத்திகையில் அந்தப் பிள்ளைகள் பேசும்போது கவனித்துக் கேட்பதுதான் நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை.

லைஃப் ஜாக்கெட்

சோலாஸ் தரத்து லைஃப் ஜாக்கெட்டை, அதுவரை பார்த்தேயிராதவர்களில் முக்கால்வாசிப் பேராவது, யார் உதவியும் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் சரியாக அணிய முடிய வேண்டும் என்று சோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள். மயங்கிக் குப்புற விழுந்தவரையும் சில நொடிகளில் மல்லாத்தி, வாய் தண்ணீருக்கு மேல் இருக்கும்படி தூக்கிப்பிடிக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் வாரை இறுக்கிக் கட்டியிருந்தால் மட்டுமே. தளர்வாகக் கட்டினால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொள்ளும், ஆள் அதற்குள் வழுக்கிக் கீழே போய்விடுவார்.

கேபினில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தலையை நுழையுங்கள். இடுப்பு வாரை முதுகுப்புறமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து கொக்கியில் பூட்டுங்கள், சொடக்கென்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு வாரின் நுனியை இழுங்கள். தோள்பக்கம் இரண்டு கையால் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கும்போது ஜாக்கெட் உங்கள் தாடையைத் தாண்டக் கூடாது. மார்புப் பக்கம் ஒரு விசில் தொங்கும், தோளருகே ஒரு சிறு விளக்கு இருக்கும். இரண்டும் எங்கே என்று இருட்டில் தடவினாலும் தெரிய வேண்டும். விளக்கு எட்டு மணி நேரம் எரியும்படி செய்யப்பட்டது, தேடுபவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

புடவை கட்டுபவர்கள் முந்தானையை இழுத்துச் செருகி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போட வேண்டும். வாரோடு சேர்த்துத் துணியும் கொக்கியில் அகப்பட்டால் பூட்டு விழாது. இரவில் படுக்கப்போகும்போது சுடிதாரோ கால்சட்டையோ ஒன்றும், அடி வழுக்காத காலணியும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வேட்டியும் லுங்கியும் ஏணியில் காலைத் தடுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு படகின் அடிப்பாகத்துக்கும் பக்கத்தில் இருப்பவர் காலுக்கும் கேடு. மூக்குக்கண்ணாடி, அன்றாட மாத்திரை, கைபேசி போதும். நகைப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். குழந்தைகளுக்கான ஜாக்கெட்டைப் பெரும்பாலும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர் அளவைச் சிறுவனுக்கு மாட்டிவிட்டால் அது அவனைக் காப்பாற்றாது.

படகில் ஏறும்போது ஓடாதீர்கள், தள்ளாதீர்கள், சொன்ன இடத்தில் உட்காருங்கள். வழக்கமான உயிர்காப்புப் படகில் 150 பேர் வரை இருப்பார்கள், அவ்வளவு பேரும் நெருங்கி உட்கார்ந்தால்தான் இடம் போதும். கை விரல்களை விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டாம், இறங்கும்போது படகு கப்பலின் உடலில் மோதி மோதித்தான் போகும். தண்ணீரில் குதிப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு செய்வது. அப்படி நேர்ந்தால் கீழே மிதக்கும் ஆளோ கட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்துங்கள், மற்றொரு கையால் ஜாக்கெட்டை அழுத்திப் பிடியுங்கள், நேரே பார்த்தபடி ஓர் அடி எடுத்து வையுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது.

குளிர்ந்த கடல்களில், நார்வே, அலாஸ்கா போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு இரைக்கும், அப்போது நீந்த முயலாமல் மூச்சைச் சீராக்குவதே வேலை. கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். அதற்குள் மிதவையையோ படகையோ பற்றிவிட வேண்டும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு, கூட்டமாக இருந்தால் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு, சூட்டைக் காப்பாற்றி மிதந்துகொண்டிருங்கள்.

அறிவிப்பும் கண் முன்னால் நடப்பதும் ஒத்துப்போகாதபோது

இதை எழுதத் தயங்கினேன், ஏனென்றால் கூட்டத்தில் ஆளுக்கொரு முடிவெடுப்பதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவில் சேவோல் என்ற படகுக்கப்பல் 476 பேரோடு சாய்ந்தது. அளவுக்கு மீறிய சரக்கு, அதைச் சரியாகக் கட்டாதது, கீழே இருக்க வேண்டிய எடைநீரைக் குறைத்தது ஆகியவை சேர்ந்த விபத்து. இருந்த இடத்திலேயே இருங்கள், நகராதீர்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. கேப்டனும் மாலுமிகளும் வெளியேறிவிட்டார்கள். 304 பேர் இறந்தார்கள், அவர்களில் 250 பேர் சுற்றுலா வந்த ஒரே பள்ளியின் மாணவர்கள். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள்.

1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் எஸ்டோனியா கப்பல் முன்கதவு பிய்ந்து தண்ணீர் புகுந்து மூழ்கியபோது, முதல் சில நிமிடங்களில் படிக்கட்டு ஏறித் திறந்த தளத்தை எட்டியவர்களுக்குத்தான் வாய்ப்பு இருந்தது. சாய்வு கூடியதும் படிக்கட்டில் ஏறவே முடியவில்லை. 989 பேரில் 852 பேர் போனார்கள்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். பணியாளர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மோதியது போன்ற அதிர்ச்சி, நிமிராத சாய்வு, தொடர்ந்த மின்தடை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால், ஒலி எழும்வரை காத்திராமல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கூடுமிடத்துக்குப் போய் நில்லுங்கள். கூடுமிடத்தில் நிற்பது எந்தக் கட்டளைக்கும் விரோதமல்ல. தவறான எச்சரிக்கையாக இருந்தால் அரை மணி நேரத் தூக்கம்தான் நஷ்டம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் கேபினுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கரைக்குப் பக்கத்தில்

கரை தெரிந்தால் நமக்கு நிம்மதி. கப்பலுக்கு அப்படியல்ல. பெரிய கப்பலுக்கு ஆழ்கடல்தான் பத்திரமான இடம். கரையை நெருங்க நெருங்கத் தவறைத் திருத்திக்கொள்ளும் நேரம் சுருங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 நாட் வேகத்தில் போகும் கப்பல் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகர்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர். கரையிலிருந்து அரைக் கடல் மைல் தள்ளிப் போகிறோம் என்று கேப்டன் சொன்னால், அந்த அரைக் கடல் மைலை நேராகக் கடக்க இரண்டு நிமிடம்கூட வேண்டாம். அதற்குள் பாறையைப் பார்த்து, முடிவெடுத்து, கட்டளையிட்டு, சுக்கான் பிடிப்பவர் அதைச் சரியாகக் கேட்டுத் திருப்பி, ஆயிரக்கணக்கான டன் எடை அதற்கு இணங்க வேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கார் திரும்புவதுபோல் கப்பல் திரும்பாது. முன்பக்கத்தை வலப்புறம் திருப்பினால் பின்பக்கம் இடப்புறமாக வெளியே வீசும். கான்கார்டியாவில் முன்பக்கம் பாறையைத் தப்பிவிட்டது. வீசிய பின்பாதிதான் மாட்டியது. அதைத் தவிர்க்கக் கடைசி நொடிகளில் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னபோது, சுக்கான் பிடித்தவர் கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டு வேறு பக்கம் திருப்பிவிட்டார். சரியாகத் திருப்பியிருந்தாலும் மோதலைத் தவிர்த்திருக்க முடியாது என்பது விசாரணையின் முடிவு. அந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தது சுக்கானில் அல்ல, அவ்வளவு நெருங்கியதில்.

ஆழமற்ற தண்ணீரில் வேகமாகப் போகும் கப்பல் சற்றுத் தாழ்ந்து உட்காரும். வேகம் கூடக் கூட இந்தத் தாழ்வு பல மடங்காகும். 1992 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அருகே குவீன் எலிசபெத் 2 தரைதட்டியது இப்படித்தான். வரைபடத்தில் இருந்த ஆழ அளவு 1939-இல் எடுத்தது, பாறை அதில் சரியாகக் குறிக்கப்படவில்லை. கப்பலோ வேகத்தால், போட்டிருந்த கணக்கைவிட ஆழமாக அமிழ்ந்திருந்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் வரைபடத்தையும் கணக்கையும் கடைசி அடிவரை நம்பி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பொறுப்பாகக் கப்பல் ஓட்டுவது புறப்படுவதற்கு முன்பே தொடங்குகிறது. துறைமுகத் துறையிலிருந்து அடுத்த துறை வரை முழுப் பாதையையும் திட்டமிட வேண்டும். போகக்கூடாத இடங்களை வரைபடத்தில் கோடிட்டுத் தடுக்க வேண்டும். இதற்குப் பிறகு திரும்ப முடியாது என்ற புள்ளியைக் குறிக்க வேண்டும். போகும் வழியில் ஆசைப்பட்டுப் பாதையை மாற்றினால், மாற்றிய பாதைக்கும் அத்தனை வேலையும் செய்ய வேண்டும். கான்கார்டியாவில் தீவை ஒட்டிப் போவதற்கு எடுத்துக்கொண்ட வரைபடம் அந்த வேலைக்குப் போதிய விவரம் இல்லாத அளவில் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் வேலையில்லாதவர்கள் நின்றிருந்தார்கள், கேப்டன் தொலைபேசியில் பேசினார். பக்கத்தில் இருந்த அதிகாரிகள் ஒருவரும், கேப்டன், நெருங்கிவிட்டோம் என்று வாய்திறந்து தடுக்கவில்லை. இளைய அதிகாரி தன் மேலதிகாரியை மறுத்துப் பேசும் துணிவு கப்பலின் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று. அதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றதைப் பேச விடும் கேப்டன் இருந்தால்தான் அது பயன்படும்.

விபத்துக்குப் பிறகு 2012 மார்ச்சில் இத்தாலி, பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் பெரிய கப்பல்கள் வரக்கூடாது என்று ஆணை போட்டது. சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் வெளியாட்களை விடுவதைக் கட்டுப்படுத்தின. ஆனால் கரையை உரசிப் போகும் ஆசைக்குப் பயணிகளாகிய நாமும் காரணம். தீவின் விளக்குகள் இன்னும் கிட்டத்தில் தெரிந்தால் கைதட்டுகிறோம், படம் எடுக்கிறோம், கப்பல் ஊதினால் ஆர்ப்பரிக்கிறோம். அடுத்த முறை கப்பல் கரையைவிட்டுத் தள்ளிப் போகும்போது, காட்சி சரியில்லை என்று முகம் சுளிக்காதீர்கள். தள்ளிப் போகிறவர் தன் வேலை தெரிந்தவர்.

சிறு படகுகள்

நம் பக்கத்தில் சொகுசுக் கப்பலைவிட அதிகமாக ஏறுவது சுற்றுலாப் படகுகளில்தான். உயிர் போவதும் அவற்றில்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். மூன்றிலும் ஆட்கள் உடலில் லைஃப் ஜாக்கெட் இல்லை, அல்லது பெரும்பாலோரிடம் இல்லை.

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள். தந்தால் உட்காரும் பலகைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கும், ஏறியவர்களை எண்ணிப் பாருங்கள். மாடி வைத்த படகில் மேலே கூட்டம் சேர்ந்தால் கீழே இருங்கள், கீழே இடம் இல்லையென்றால் இறங்கிவிடுங்கள். கரையில் யானையோ முதலையோ தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போகும்போது, நீங்கள் உட்கார்ந்திருங்கள், பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். இருட்டிய பிறகு கிளம்பும் கடைசிப் படகு வேண்டாம். படகுக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், கேட்காமலே இறங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கொடுத்த காசு போனால் போகட்டும்.

கரை சேர்ந்த பிறகு

மீட்கப்பட்டவர்கள் பலரும் செய்யும் ஒரு பிழை இருக்கிறது. கரையில் கால் பட்டதும் தெரிந்தவர் காரில் ஏறிப் போய்விடுவது. ஜில்யோவில் குளிரில் நடுங்கி வந்தவர்களைத் தீவு மக்கள் வீடுகளிலும் தேவாலயத்திலும் தங்க வைத்துப் போர்வை கொடுத்தார்கள். எத்தனை பேரைக் காணவில்லை என்ற எண்ணிக்கையோ நாட்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தது. பெயர் பதியாமல் போன ஒருவருக்காக முக்குளிப்பவர்கள் மறுபடி இருட்டுக் கப்பலுக்குள் இறங்க வேண்டியிருக்கும். எனவே கரையில் பட்டியல் எழுதும் ஆளைத் தேடிப் போய், உங்கள் பெயர், கேபின் எண், உடன் வந்தவர்கள் யார், அவர்களில் யாரைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குழந்தைகளின் பெயரையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நம் பெயர்களை வெளிநாட்டில் தப்பாக எழுதுவது சகஜம். வீட்டுக்குப் போன் செய்வது அதற்குப் பிறகு.